பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தை யார் அளக்கிறார்கள்?

சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் பற்றி வரும் செய்திகளில் பெரும்பாலும் மூன்று எண்கள் இருக்கும். எத்தனை பஸ், எத்தனை பயணி, எவ்வளவு நஷ்டம். துறைக்குள்ளே இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்கிறார்கள்: ஒரு வண்டி ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, கிலோமீட்டருக்கு என்ன வசூல், ஒரு லிட்டர் டீசல் எவ்வளவு தூரம் தாங்கியது. எல்லாம் தேவையான கணக்குதான். ஆனா ஸ்டாப்பில் நிற்கிறவர் இதில் எங்கேயுமே இல்லை. ஏறி டிக்கெட் வாங்கின பிறகுதான் அவர் பயணி ஆகிறார். அதற்கு முன்னால் அவர் செலவழித்த நேரம் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

இது ஏன் முக்கியம்னு ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரம்பூர் – பெசன்ட் நகர் 29சி மணிக்கு 6 முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சீராக 10 நிமிடத்துக்கு ஒன்று வந்தால், சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதே 6 வண்டிகள் 18 நிமிடம், 2 நிமிடம், மறுபடி 18, 2 என்று வந்தால்? காத்திருப்பு 8 நிமிடத்துக்கு மேல் போய்விடும். காரணம், 10 பேரில் 9 பேர் அந்த 18 நிமிட இடைவெளியில்தான் ஸ்டாப்புக்கு வந்து சேர்வார்கள். முதல் வண்டி பிதுங்கும், பின்னால் வருவது காத்தாடும். கழகத்தின் கணக்கிலோ எதுவும் மாறாது. அதே வண்டிகள், அதே கிலோமீட்டர். கூட்டத்தையும் சராசரி போட்டால் பாதி நிரம்பிய இரண்டு பஸ் என்றுதான் தெரியும்!

"மூணும் சேர்ந்தே வருதுப்பா" என்று டிரைவரைத் திட்டுவது நம்ம ஊர் வழக்கம். டிரைவர் பாவம். கொஞ்சம் தாமதமாகும் வண்டிக்கு அடுத்த ஸ்டாப்பில் ஆள் அதிகம் சேர்ந்திருக்கும், ஏற்ற நேரமாகும், இன்னும் தாமதமாகும். பின்னால் வருவதற்கு ஆளே இருக்காது, வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும். தானாகச் சீராகிற விஷயம் இல்லை இது. வழியில் யாராவது பின்னால் வரும் வண்டியை இரண்டு நிமிடம் பிடித்து வைக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், அது வேற கதை.

சென்னையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை நம்பி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு டீலக்ஸ் வண்டி கணக்கில் சேராது. இரண்டு டீலக்ஸ் போன பிறகும் அவர் நிற்கத்தான் வேண்டும். தடத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று காகிதம் சொல்லும்போது அவருடைய இடைவெளி அரை மணியாக இருக்கலாம். டிக்கெட் காசு மிச்சமாகி நேரம் போகிறது. மிச்சமான காசைச் சொல்லுகிறோம், போன நேரத்தைச் சொல்லுவதில்லை.

லண்டனில் அடிக்கடி ஓடும் தடங்களுக்கு இதை அளக்கிறார்கள். அட்டவணைப்படி எவ்வளவு நேரம் நின்றிருக்க வேண்டும், உண்மையில் எவ்வளவு நின்றார்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன. அங்கே பஸ் ஓட்டுவது தனியார் கம்பெனிகள். இந்த வித்தியாசம் குறைந்தால் ஊக்கத்தொகை, கூடினால் பிடித்தம். இங்கேயும் 2025இல் தனியார் மூலம் மின்சாரப் பஸ்கள் வந்துவிட்டன. அடிப்படைக் கூலி கிலோமீட்டர் கணக்கில். கிலோமீட்டருக்குக் காசு கொடுத்தால் கிலோமீட்டர்தான் கிடைக்கும்.

புதுசாகக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் 'சென்னை பஸ்' செயலி 2022இலேயே வந்தாச்சு. அதே ஜி.பி.எஸ். பதிவிலிருந்து இடைவெளியைக் கணக்கிடலாம். முதலில் ஒரே ஒரு தடம் போதும், 29சியே இருக்கட்டும். ஸ்டாப் வாரியாக, காலை 8 முதல் 10 வரை, சாதாரண கட்டண வண்டிக்குத் தனியாக. மாசாமாசம் வெளியிடட்டும்.