பழைய சுவருக்குப் புதுச் சட்டை

லித்துவேனியாவின் தலைநகரம் வில்னியஸ். அங்கிருக்கும் கதீட்ரலை போட்டோவில் பாருங்கள், சர்ச் என்றே சொல்ல மாட்டீர்கள். முகப்பில் ஆறு தடித்த தூண்கள், மேலே முக்கோணம். அசல் கிரேக்கக் கோயில்! மணிக்கூண்டுகூட ஒட்டாமல் தள்ளி நிற்கிறது.

கட்டியவர் லவ்ரினாஸ் குட்செவிச்சியஸ். 1753-ல் பிறந்த விவசாயி வீட்டுப் பிள்ளை. 'கட்டியவர்' என்பதுகூட முழுசாகச் சரியில்லை. உள்ளே இருப்பது பழைய சர்ச். மனுஷன் அதற்குப் புதுச் சட்டை போட்டார், அவ்வளவுதான். தெற்கே புனித காசிமிர் சிற்றாலயம், 17-ம் நூற்றாண்டு பரோக் ஆடம்பரம். இவருடைய சிக்கனமான பாணிக்கு ஒத்தே வராது. இடித்தாரா? இல்லை. வடக்கே அதற்கு ஜோடியாக ஒன்றைக் கட்டிச் சரிக்கட்டிவிட்டார். பி.காம். படித்தவன் கண்ணுக்கு இது பேலன்ஸ் ஷீட்!

கூரைமேல் மூன்று சிலைகள் இருக்கின்றனவே, அவைதான் எனக்கு உறுத்தல். அந்தச் சுத்தமான முக்கோணத்துக்கு எதற்கு இந்தக் கூட்டம்? 1950-ல் சோவியத் ஆட்சியில் அவற்றை இறக்கினார்கள், ரசனைக்காக அல்ல. 1997-ல் திரும்ப ஏற்றினார்கள். அப்படி இறக்கியதற்கு, உறுத்தலே தேவலை.

இந்த வேலையைக் கொடுத்தவர் பிஷப் மசால்ஸ்கி. 1794-ல் ரஷ்யாவை எதிர்த்துக் கோஷ்சியுஷ்கோ கலகம் வெடித்தது. துரோகி என்று வார்சாவில் பிஷப்பைத் தூக்கில் போட்டது கும்பல். அதே கலகத்தின் பக்கம் நின்று சண்டை போட்டுக் காயப்பட்டவர் நம் ஆர்க்கிடெக்ட்! வாத்தியார் வேலையும் போனது. 1798-ல் இறந்தார். கதீட்ரல் முடிந்தது 1801-ல். அவர் கல்லறை எங்கே என்று இன்றுவரை தெரியாது.