கோட்டுப்படத்தில் கண்ணகி

சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளையும் பயின்றோர், அக்காப்பியத்தை இயக்குவோர் மகளிரே என்பதை உணர்வர். அவ்வுணர்வைச் சான்றுடன் நிறுவக் கணினி துணைசெய்யுமா என்பதே இன்று எழும் வினா. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தால் பழந்தமிழ் நூல்கள் மின்னெழுத்தாயின. ஷேக்ஸ்பியரின் 'ஹேம்லட்' நாடகத்தில் எவர் எவரோடு பேசினர் என்பதைப் புள்ளிகளும் கோடுகளுமாக 2011இல் பிராங்கோ மொரெட்டி காட்டினார். அவர் கையால் வரைந்ததைக் 'கெஃபி' போன்ற மென்பொருள்கள் இன்று விரைவில் வரைந்து தருகின்றன.

இம்முறையைச் சிலம்பிற்குப் பொருத்தினால் பயனும் உண்டு, இடரும் உண்டு. புகார்க் காண்டத்தில் கண்ணகியைச் சுற்றிச் சில கோடுகளே அமையும். மதுரைக் காண்டத்தில் கவுந்தி, மாதரி, ஐயை எனப் பெண்டிர் தொடர்பு பெருகி, இறுதியில் ஒரு கோடு பாண்டியன் அரியணை வரை நீளும். மாதவிக்கும் கண்ணகிக்கும் இடையே கோடே இராது. ஆயின் மணிமேகலையையும் சேர்த்து வரைந்தால், தன் மகளைக் கண்ணகியின் மகளாகவே மாதவி கூறுமிடத்தில் அவ்விடைவெளி நிரம்பும்.

இடர் எண்ணிக்கையில் உள்ளது. பலவிடங்களில் கண்ணகி பெயரால் அன்றி அடைமொழிகளாலேயே சுட்டப்படுகிறாள். புணர்ச்சியால் சொற்கள் உருமாறுகின்றன. பதம் பிரித்து, சுட்டப்படுபவர் இன்னார் எனத் தமிழறிந்தவர் குறித்துத் தராவிடின் கணினி பிழைபடும். அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. பத்தினியை வழிபடல் வேண்டும் எனச் சேரமாதேவி வேண்மாள் கூறும் விடை, கணக்கில் ஒரு மெல்லிய கோடே. செங்குட்டுவனின் வடதிசைச் செலவும் இமயக் கல்லும் அதன்வழி வந்தவை அல்லவோ! தேவந்தி நீராட அழைத்தபோது கண்ணகி கூறிய மறுமொழியும் மிகச் சிறிது. அவள் உள்ளத்திண்மை முழுதும் அதனுள் அடங்கும்.

கெடாத் தோட்டப்புறங்களின் பழைய வாழ்வை அறிந்த மாணவர்க்கு இது புதிதன்று. விடியுமுன் பெரட்டுக்கு நின்று பால்மரம் சீவிய மகளிரின் பெயரும் வேலைநாளும் செக்ரோலில் பதிவாயின; குடும்பத்தைத் தாங்கிய அவர்தம் சொற்கள் அவ்வேட்டில் ஏறவில்லை.

எனவே சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ இப்பயிற்சியை மேற்கொள்ளும் ஆசிரியர், இரு படங்களை வரையச் செய்தல் தகும்: எவர் எவரோடு பேசினர் என்பது ஒன்று, எவர் எவரைப் பற்றிப் பேசினர் என்பது மற்றொன்று. வஞ்சிக் காண்டத்தில், முதற்படத்தின் ஓரத்தில் நிற்கும் கண்ணகி இரண்டாம் படத்தின் நடுவில் விளங்குவாள். அவ்வேறுபாடு ஏன் என விளக்குவதே திறனாய்வு. படம் வரைதல் பொறியின் பணி. விளக்கம் உரைத்தல் நூலைக் கற்றவர் கடன்.