ஏமி கிராண்ட்: தேவாலயப் பாடலிலிருந்து பாப் இசைக்கு

ஏமி கிராண்ட் (பிறப்பு: நவம்பர் 25, 1960) அமெரிக்கப் பாடகி, பாடலாசிரியர். சமகாலக் கிறிஸ்தவ இசையின் முன்னணிப் பாடகியாக இருந்தவர். 1991-ல் வெளிவந்த 'ஹார்ட் இன் மோஷன்' இசைத்தொகுப்பின் வழியாக வெகுஜன பாப் இசைக்குள் நுழைந்தார். அவர் விசுவாசத்தை விட்டு 'உலகப் பாட்டு' பாடப் போய்விட்டார் என்று கிறிஸ்தவ வட்டாரத்தில் ஒரு சாரார் குற்றம்சாட்டினர். அந்தக் குற்றச்சாட்டு பாடல்களில் ஆண்டவரின் பெயர் வருகிறதா என்பதை மட்டுமே பார்த்தது. இந்த மாற்றத்தில் உண்மையில் குறைந்துபோனது வேறொன்று.

பின்புலம்

ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் பிறந்த ஏமி கிராண்ட் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் வளர்ந்தார். அவருடைய குடும்பம் 'சர்ச் ஆஃப் கிறைஸ்ட்' சபையைச் சேர்ந்தது. ஆராதனையில் இசைக்கருவிகளைப் பயன்படுத்தாமல் குரலால் மட்டுமே பாடும் மரபு கொண்ட சபை அது. பின்னாளில் அவருடைய பாடல்களில் நிறைந்த மின்னணுத் தாளங்களைக் கேட்டுச் சிலர் முகம்சுளித்ததைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி உதவும்.

மிர் நிறுவனம் அவருடைய முதல் தொகுப்பை 1977-ல் வெளியிட்டது. அப்போது அவர் பள்ளி மாணவி. 1982-ல் வந்த 'ஏஜ் டு ஏஜ்' அவரைக் கிறிஸ்தவ இசைச் சந்தையின் உச்சத்துக்குக் கொண்டுசென்றது. அத்தொகுப்பின் புகழ்பெற்ற பாடல் 'எல் ஷடாய்'. மைக்கேல் கார்டும் ஜான் தாம்சனும் எழுதிய அப்பாடல் கடவுளின் எபிரேயப் பெயர்களைக் கொண்டே கட்டப்பட்டது. ஆண்டவரின் பெயர்களை உச்சரிக்கும் பாடலால் புகழ்பெற்ற ஒருவர், ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் பெயரே சொல்லாத ஒரு பாடலால் உலகப்புகழ் பெற்றார். விவாதம் அவ்வளவு சூடானதற்கு இந்த முரணும் ஒரு காரணம்.

கடப்பின் படிகள்

இந்த மாற்றம் ஓர் இரவில் நிகழவில்லை. கிறிஸ்தவ இசைத்தொகுப்புகள் அன்று பெரும்பாலும் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் விற்கப்பட்டன. 1985-ல் வந்த 'அன்கார்டட்' தொகுப்பை, அக்கடைகளுக்கு வெளியே இருந்த பொது இசைக் கடைகளுக்கு ஏ அண்ட் எம் நிறுவனம் கொண்டுசென்றது. அதில் இடம்பெற்ற 'ஃபைண்ட் எ வே' பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 29-ஆம் இடத்தைப் பிடித்தது. அட்டைப்படத்தில் அவர் அணிந்திருந்த சிறுத்தைப்புள்ளிச் சட்டைகூட அன்று பேச்சானது. 1986-ல் பீட்டர் செட்டராவுடன் பாடிய 'தி நெக்ஸ்ட் டைம் ஐ ஃபால்' அதே பட்டியலில் முதலிடம் பெற்றது.

1988-ல் வந்த 'லீட் மீ ஆன்' எதிர்த்திசையில் நடந்தது. கிட்டாரை முன்னிறுத்திய, அடங்கிய குரலில் அமைந்த தொகுப்பு அது. தலைப்புப் பாடல் அடிமை முறையையும் யூத இன அழிப்பையும் நினைவுகூர்கிறது. 'ஃபெய்த்லெஸ் ஹார்ட்' மணவாழ்வில் துரோகத்தின் பக்கம் சாயும் மனத்தை மறைக்காமல் பேசுகிறது. வெகுஜனச் சந்தையில் இத்தொகுப்பு பெரிய அலையை எழுப்பவில்லை. ஆனால் 'சிசிஎம்' இதழ் 2001-ல் கிறிஸ்தவ இசையின் சிறந்த நூறு தொகுப்புகளைத் தேர்ந்தெடுத்தபோது முதலிடத்தை இதற்கே கொடுத்தது.

ஹார்ட் இன் மோஷன்

1991 மார்ச்சில் வெளிவந்த 'ஹார்ட் இன் மோஷன்' பதினொரு பாடல்கள் கொண்டது. அவற்றில் ஐந்து பில்போர்டு ஹாட் 100 பட்டியலின் முதல் இருபது இடங்களுக்குள் வந்தன. 'பேபி பேபி' முதலிடத்தையும் 'எவ்ரி ஹார்ட்பீட்' இரண்டாம் இடத்தையும் பெற்றன. தொகுப்பு அமெரிக்காவில் ஐம்பது லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழைப் பெற்றது. ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

எதிர்ப்பு முதன்மையாக 'பேபி பேபி' மீது எழுந்தது. மணமான கிறிஸ்தவப் பாடகி ஒருவர் காணொளியில் ஓர் இளைஞருடன் காதலர்போலக் கொஞ்சி நடித்தது பலருக்கு ஒப்பவில்லை. ஆனால் அந்தப் பாடல் பிறந்தது அவருடைய கைக்குழந்தையின் முகத்திலிருந்து. தொகுப்பின் உள்ளட்டைக் குறிப்பே அதைச் சொல்கிறது. ஒரு தாயின் பாடலைக் காணொளி காதல் பாடலாக மாற்றிக் காட்டியது. ஆங்கிலத்தில் 'பேபி' என்ற சொல் குழந்தைக்கும் காதலருக்கும் பொருந்துவதால் அது எளிதாக நடந்தது.

'யூ' என்ற ஆங்கிலச் சொல்லும் இப்படிப்பட்டதே. கடவுள், கணவன், குழந்தை, நண்பன் எல்லோருக்கும் அந்த ஒரு சொல்தான். தமிழில் பாடல் எழுதுபவர் 'நீர்' என்பதா 'நீ' என்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். 'நீர்' என்றதுமே கேட்பவருக்குச் சபையின் சூழல் வந்துவிடும். ஆங்கிலப் பாடலாசிரியருக்கு அந்த நெருக்கடி இல்லை. கிறிஸ்தவ இசைக்குள் இருந்தவரை ஏமி கிராண்ட் 'யூ' என்று பாடினால் அது யாரைக் குறிக்கிறது என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும். பாப் வானொலியில் அந்த முன்னறிவு கிடையாது. பாடகியின் இயல்பைவிட அவரைக் கேட்கும் சூழல்தான் அதிகம் மாறியது.

குற்றம்சாட்டியவர்கள் தொகுப்பைக் கடைசிவரை கேட்டார்களா என்பதும் ஐயத்துக்குரியது. இறுதிப் பாடலான 'ஹோப் செட் ஹை' இயேசுவின் பெயரை வெளிப்படையாகவே சொல்கிறது. அதைவிட முக்கியமானது ஐந்தாம் பாடலான 'ஆஸ்க் மீ'. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணைப் பற்றியது அது. அந்த நேரத்தில் கடவுள் எங்கே இருந்தார் என்ற கேள்வியை அது நேராக எழுப்புகிறது. அவளுடைய வேதனையின் நடுவிலேயே அவர் இருக்கிறார் என்பது பாடலின் விடை. அந்த விடையை ஏற்காதவரையும் கேள்வியின் நேர்மை உலுக்கும். அன்றைய தேவாலயங்களிலும் பாப் வானொலியிலும் அரிதாகவே பேசப்பட்ட ஒன்றை இப்பாடல் இரு தரப்புக்கும் கொண்டுசென்றது. ஆனால் தனிப்பாடலாக வெளியிடத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்தில் இது இல்லை.

தொகுப்பின் குறை இங்கேதான் தெரிகிறது. வானொலிக்குச் சென்ற பாடல்களில் பெரும்பாலானவை ஒரே பளபளப்பு கொண்டவை. விசைப்பலகை ஒலியும் இயந்திரத் தாளமும் ஒவ்வொரு உணர்ச்சியையும் மகிழ்ச்சியின் பக்கம் தள்ளுகின்றன. மணவாழ்வின் விரிசலைப் பேசும் 'தட்ஸ் வாட் லவ் இஸ் ஃபார்' பாடலில்கூட வரிகள் சொல்லும் வலியை இசை உடனே ஆற்றிவிடுகிறது. 'லீட் மீ ஆன்' தொகுப்பில் இருந்த ஐயமும் இருளும் இங்கே ஓரத்துக்குப் போய்விட்டன. ஆண்டவரின் பெயர் தொகுப்பின் முடிவிலாவது ஒலிக்கிறது. ஆண்டவரிடம் கேள்வி கேட்கும் குரலைத்தான் வானொலிக்கு அனுப்பாமல் விட்டார்கள்.

விளைவு

கிறிஸ்தவ இசை நிறுவனங்கள் அவரை ஒதுக்கிவிடவில்லை. 1992-ல் ஆண்டின் சிறந்த கலைஞருக்கான டவ் விருது அவருக்கே கிடைத்தது. முன்பு அவருடைய குழுவில் விசைப்பலகை வாசித்த மைக்கேல் டபிள்யூ. ஸ்மித்தின் 'பிளேஸ் இன் திஸ் வேர்ல்ட்' 1991-லேயே ஹாட் 100 பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. பின்னர் ஜார்ஸ் ஆஃப் கிளே, ஸ்விட்ச்ஃபுட், லாரன் டெய்கில் எனப் பலர் இந்த வழியில் நடந்தனர்.

எது கிறிஸ்தவப் பாடல் என்ற கேள்வி ஓயவில்லை. ஏமி கிராண்டின் 'பிஹைண்ட் தி ஐஸ்' 1997-ல் வந்தது. பிரிவு, இழப்பு, சோர்வு பற்றிய பாடல்கள் கொண்ட அத்தொகுப்பில் வெளிப்படையான சமயச் சொற்கள் மிகக் குறைவு. 1998-ல் காஸ்பல் மியூசிக் அசோசியேஷன் டவ் விருதுக்குரிய பாடல் வரிகளுக்கு வரையறை ஒன்றை வகுத்தது. வேதாகம உண்மை, ஆராதனை, சாட்சி, கிறிஸ்தவ உலகப்பார்வை ஆகியவற்றின் அடிப்படையில் பாடல் வரிகள் அமைய வேண்டும் என்பது அதன் சாரம்.

மதிப்பீடு

பெயர்களை எண்ணிப் பார்க்கும் அளவுகோல் வேதாகமத்துக்கே பொருந்தாது. எஸ்தர் புத்தகத்தின் எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. உன்னதப்பாட்டு காதலையே பாடுகிறது. மறுபுறம், சங்கீதங்களில் கணிசமானவை முறையீடுகள். ஏன் கைவிட்டீர் என்று கேட்பவை. இந்த அளவுகோலில் வைத்தால், சமயச் சொற்கள் குறைந்த 'பிஹைண்ட் தி ஐஸ்' சங்கீத மரபுக்கு 'ஹார்ட் இன் மோஷன்' தொகுப்பைவிட நெருக்கமானது.

ஏமி கிராண்ட் 2002-ல் 'லெகசி' தொகுப்பின் வழியாகப் பழைய ஞானப்பாடல்களுக்குத் திரும்பினார். 2022-ல் கென்னடி மையத்தின் கௌரவம் அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய சாதனையாக 'பேபி பேபி' நினைவில் நிற்பது இயல்பே. குறையில்லாத பாப் பாடல் அது. இருந்தாலும் அவருடைய தனித்தன்மை 'லீட் மீ ஆன்', 'ஆஸ்க் மீ', 'பிஹைண்ட் தி ஐஸ்' ஆகியவற்றில்தான் உள்ளது. விசுவாசத்துக்குள் நின்றபடி வலியைப் பற்றிப் பேசும் குரல் அது. பொதுச் சந்தை அந்தக் குரலின் மகிழ்ச்சியை வாங்கியது. கிறிஸ்தவச் சந்தை அதன் தூய்மையைக் கேட்டது. அதன் கேள்விகளை இரண்டு சந்தைகளும் போதிய அளவு கேட்கவில்லை.