மாயாவியை எழுப்புகிறவர்கள்

இரும்புக்கை மாயாவி ஆரம்பத்தில் ஒரு திருடன். அவரைப் படித்தே வளர்ந்தவர்களிடம் இதைச் சொன்னால் பலர் சண்டைக்கு வருவார்கள். ஆனால் கதை அப்படித்தான் தொடங்குகிறது. 1962 அக்டோபரில் பிரிட்டனில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழ் பிறந்தது. முதல் இதழிலேயே நம் மாயாவி, லூயி கிராண்டேல் என்ற பெயரில், வந்துவிட்டான். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன், பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாள். எல்லார் மேலும் எரிச்சல். ஒருநாள் கருவி வெடித்து உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய்கிறது. உடம்பு மறைகிறது, இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. உடனே உலகத்தைக் காப்பாற்றவா புறப்பட்டான்? கொள்ளையடித்தான், மிரட்டினான், நியூயார்க்கைத் தகர்த்துவிடுவேன் என்று பேரம் பேசினான். இதை எழுதியவர் கென் புல்மர், அவருக்குப் பிறகு டாம் டல்லி. வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோ.

அதன் பிறகுதான் அவன் திருந்தி, நிழல்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளி ஆனான். அறுபதுகளின் பிற்பகுதியில் பேட்மேன் மோகம் அடித்தபோது அவனுக்கும் ஒரு சூப்பர்ஹீரோ உடையை மாட்டிவிட்டுப் பார்த்தார்கள். நமக்குப் பழக்கமான மாயாவி பெரும்பாலும் இந்த நிழல்படை மாயாவிதான். 1972-ல் சிவகாசியில் எம். சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழின் பெயரே 'இரும்புக்கை மாயாவி'. முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்த காலம் அது. 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'பாதாள நகரம்', 'இமயத்தில் மாயாவி' என்று வரிசையாக வந்தன. பக்கத்திலேயே மற்ற நாயகர்களான லாரன்ஸ்–டேவிட்டும் ஜானி நீரோவும் நின்றார்கள். 1984-ல் லயன் காமிக்ஸ் வந்ததும் ஸ்பைடரும் இரும்பு மனிதன் ஆர்ச்சியும் சேர்ந்துகொண்டார்கள்.

இந்த அணி கதைக்குள் எங்கும் கிடையாது. மாயாவி பிரிட்டனில் 'வேலியண்ட்' ஆள். ஸ்பைடரும் ஆர்ச்சியும் 'லயன்' என்ற வேறொரு வார இதழின் ஆட்கள். மாயாவியும் ஜானி நீரோவும் ஒரே மேசையில் உட்கார்ந்து காபி குடித்ததாக ஒரு கட்டம்கூட நான் பார்த்ததில்லை. அவர்களை ஓரணியாக்கியது சிவகாசி அச்சகமும் தமிழ் வாசகனின் அலமாரியும்தான். இங்கே மலேசியாவின் பினாங்கில் அந்த அலமாரி டிரங்குப் பெட்டியாக இருந்தது. ரஜூலா கப்பலும் அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம் கப்பலும் தமிழகத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய காலத்தில், ஊருக்குப் போய் வந்தவர்களின் பெட்டியில் ஊறுகாய்க்கும் வேட்டிக்கும் நடுவே வந்த புத்தகங்கள் இவை. எந்தக் கதை எந்த இதழில் வந்தது என்ற கணக்கெல்லாம் யாருக்கும் தெரியாது. கைக்குக் கிடைத்தது எல்லாமே 'மாயாவி புக்'தான்.

மறந்துபோன நாயகர்களையும் அவர்களுடைய பழைய கூட்டத்தையும் திரும்பக் கொண்டுவரும் வேலை இப்போது உலகெங்கும் நடக்கிறது. சிவகாசியில் நடந்தது மறுபதிப்பு. சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 2012-ல் லயன்–முத்து வரிசைக்குப் புத்துயிரூட்டி, பெரிய அளவில், நல்ல தாளில், வண்ண ஐரோப்பியக் கதைகளோடு திரும்ப வந்தார். வாசகர்கள் அவரிடம் விடாமல் கேட்டது பழைய மாயாவியை. அவரும் கொடுத்தார். மாயாவி, ஸ்பைடர், லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ நால்வரும் மறுபடி அச்சேறினார்கள்.

மறுபதிப்பை நான் மட்டம் தட்டமாட்டேன். பிளாஸ்கோவின் கோட்டை ஒழுங்காகப் பார்க்கும் வாய்ப்பை நமக்குக் கொடுத்தது அதுதான். மாயாவி கதைகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்று உண்டு. இருட்டு அறை, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விளக்கு வெளிச்சம், வாயைப் பிளந்து நிற்கும் காவலாளி, நடுவே காற்றில் தொங்கும் ஒரு கை. மூட்டுக்கு மூட்டு பளபளக்கும் அந்த உலோகத்தில் பிளாஸ்கோ மெல்லிய கோடுகளை அடுக்கி நிழலைக் கொண்டுவருவார். காவலாளியின் முகத்தில் பயம் சுருக்கம் சுருக்கமாக இறங்கும். கை எங்கே முடிகிறதோ அதற்குப் பின்னால் வெள்ளையாகவோ கறுப்பாகவோ வெற்றிடம். அங்கே ஓர் உடம்பு நிற்கிறது என்பதை அந்தக் காவலாளியின் பார்வை போகும் திசையை வைத்தே நாம் ஊகிக்கிறோம். பழைய சாணித்தாளில் மை பரவி, கை ஒரு கறுப்புக் கட்டியாக அப்பியிருந்த காட்சி இது. ஐம்பது வயதில் அதை நல்ல தாளில் பார்க்கிறவனுக்குச் சின்ன வயதில் தான் எதைக் கண்டு மிரண்டோம் என்பது புரிகிறது.

குறையும் அங்கேயேதான் இருக்கிறது. மறுபதிப்பை வாங்குகிறவர் ஏற்கெனவே படித்தவர். அவர் கேட்பது கதையை அல்ல, தன் பத்து வயதை. அதனால் ஒரு வசனத்தை மாற்றினாலும் கோபம் வருகிறது, அட்டையை மாற்றினாலும் வருகிறது. தாளின் தரம் உயர, விலையும் உயர, பையன்களின் கைக்காசுக்கு எட்டாத சேகரிப்புப் பொருளாகிவிடுகிறது மாயாவி. பதிப்பாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாத்திரத்தின் உரிமை அவரிடம் இல்லை. 2016-லும் 2018-லும் பிரிட்டனின் பழைய சிறுவர் காமிக்ஸ் களஞ்சியத்தை இரண்டு தவணையாக வாங்கிவிட்டது ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரெபெல்லியன் நிறுவனம். உரிமம் பெற்று அச்சடிக்கலாம். ஆனால் மதுரையில் ஒரு புது மாயாவிக் கதையை நினைத்தபடி எழுதிவிட முடியாது. ஐம்பதாண்டுப் பாசம் நம்முடையது, பத்திரம் அவர்களுடையது.

எழுதும் உரிமை இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? 2005–06-ல் அமெரிக்காவின் வைல்ட்ஸ்டார்ம் 'ஆல்பியன்' என்று ஆறு இதழ்கள் வெளியிட்டது. கதைத் திட்டம் ஆலன் மூர், எழுத்து அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும், ஓவியம் ஷேன் ஓக்லி. அறுபதுகளின் பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர்கள் எல்லாரும் நிஜமாகவே இருந்தவர்கள், அரசாங்கம் அவர்களைப் பிடித்து ஸ்காட்லாந்தில் ஒரு ரகசியச் சிறையில் அடைத்துவிட்டது என்பதுதான் கதையின் அடிப்படை. கிராண்டேல் உள்ளே, ஸ்பைடர் உள்ளே.

யோசனை அபாரம். இவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்ற வாசகனின் கேள்வியையே அது கதையாக்கிவிட்டது. ஆனால் பக்கத்தைப் புரட்டப் புரட்ட அது வருகைப் பதிவேடாக மாறுகிறது. ஒரு கதவு திறக்கும், ஒரு பழைய முகம் தெரியும், தெரிந்தவன் கைதட்டுவான், கதவு மூடும். தெரியாதவனுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் இருபது வயதிலிருந்த பிரிட்டிஷ் வாசகனைவிட நம்மூர் நாற்பது வயதுக்காரருக்கு அந்தச் சிறைவாசிகளை நன்றாகத் தெரிந்திருக்கும். கிராண்டேல் என்ற மனிதனுக்கு அதனால் ஒன்றும் கூடவில்லை. திருடனாக இருந்து அரசாங்கத்தின் கையாள் ஆனவனை அந்த அரசாங்கமே பிடித்து உள்ளே போட்டால் அவன் என்ன நினைப்பான்? ஒரு முழு நாவலுக்குத் தாங்கும் கேள்வி அது. கூட்டம் அதிகமாகிவிட்டதால் யாரும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவில்லை.

இதே மூர் இருபது ஆண்டு முன்பு அப்படி உட்கார்ந்து கேட்டவர்தான். மிக் ஆங்லோ 1954-ல் உருவாக்கிய மார்வெல்மேன் ஒரு சாதாரணச் சிறுவர் நாயகன். கூடவே யங் மார்வெல்மேன், கிட் மார்வெல்மேன் என்று இரண்டு துணைகள். 1982-ல் 'வாரியர்' இதழில் மூர் அவனை எழுப்பியபோது அவன் நடுத்தர வயதுப் பத்திரிகைக்காரன். பறப்பதாகக் கனவு காண்கிறான், தலைவலியோடு எழுந்திருக்கிறான், தான் யாரென்றே மறந்துவிட்டான். பழைய சாகசங்கள் எல்லாம் ஆய்வுக்கூடத்தில் அவன் மூளைக்குள் ஊட்டிய கனவுகள் என்று பிறகு தெரிகிறது. துணைகளில் ஒருவன் செத்துவிட்டான். இன்னொருவன், அந்தச் சின்னப் பையன், மனித உருவுக்குத் திரும்பாமலே சக்தியை வைத்துக்கொண்டு வளர்ந்து பெரிய தொழிலதிபராகியிருக்கிறான். கடைசியில் லண்டனையே பிணக்காடாக்குகிறான். பழைய கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவது என்றால் இதுதான். ஒவ்வொருவரும் இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கணக்கை வாங்க வேண்டும். மூர் இரண்டே துணைகளோடு நிறுத்திக்கொண்டதால் அவரால் வாங்க முடிந்தது. இந்தக் கதையின் கொடூரம் எனக்கு முழுக்க உவப்பானது இல்லை. குழந்தைகளுக்கான பாத்திரத்தைக் குழந்தைகள் தொடவே முடியாத இடத்துக்குத் தள்ளிவிட்டார் என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. இருந்தாலும் வேலை நடந்திருக்கிறது.

இங்கே மலேசியாவிலும் ஒரு மறுபிறவி நடந்தது. கெலுவாங் மேன் 1998-ல் ஆர்.டி.எம்.மில் வந்த கார்ட்டூன். பகலில் தம்போய் மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருக்கும் போர்ஹான், இரவில் பழந்தின்னி வௌவால் வேடம் போட்டுத் திருடர்களைப் பிடிப்பான். 2025-ல் ஆஸ்ட்ரோ ஷா அவனைத் திரைப்படத்துக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் மருத்துவமனை வெறும் நகைச்சுவைச் சரக்கு. இன்று அதை அப்படியே வைத்துச் சிரிக்க முடியாது. படம் சிரிப்பைக் குறைத்து மனக்காயத்தைக் கூட்டியது. இரண்டு பக்கத்துக்கும் முழுத் திருப்தி கிடைக்காத சமரசம்தான். ஆனால் மூலத்தில் உறுத்தியதை மூடி மறைக்காமல் அதிலிருந்தே தொடங்கினார்கள் என்பதற்காக நான் அந்த முயற்சியை 'ஆல்பிய'னுக்கு ஒரு படி மேலே வைப்பேன்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு மாயாவியைத் தெரியாது, போபோய்பாயைத் தெரியும். 2011-ல் தொடங்கிய அந்த மலேசியத் தொடரில் நாயகனோடு யாயா, யிங், கோபால் என்று ஒரு கூட்டாளிப் படையே உண்டு. பொருளைச் சாப்பாடாக மாற்றுவது கோபாலின் சக்தி. பயந்தாங்கொள்ளி, சாப்பாட்டு ராமன் என்று நம் பையனைக் காட்டியதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் அவன் அணியில் இருக்கிறான், அவனுக்கென்று சொந்தக் கதைகள் இருக்கின்றன, பிள்ளைகள் அவன் பெயரைச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். மாயாவியின் நிழல்படையில் கோபால்களுக்கு இடமே இருந்ததில்லை. இமயத்துக்கு வந்த மாயாவிக்கும் இமயம் வெறும் பின்திரைதான். பழைய நூலை நல்ல தாளில் போட்டுக் கொடுத்தால் பேரப்பிள்ளை படித்துவிடுவான் என்று நம்பும் தாத்தாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தப் பையன் முதல் பத்துப் பக்கத்திலேயே, இதில் நான் எங்கே என்று கேட்பான்.

இயக்குநர் லோகேஷ் கனகராஜ் 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் படமெடுக்கும் ஆசையைப் பல ஆண்டுகளாகவே பேட்டிகளில் சொல்லி வருகிறார். எடுத்தால், அது பிரிட்டிஷ் கதையின் நகலாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பெயரையும் கையையும் தவிர மற்றதெல்லாம் நம்முடையதாக இருக்கலாம். நான் பயப்படுவது கூட்டணிக்குத்தான். பல நாயகர்களை ஒரே உலகத்தில் கோத்துக் கட்டும் இந்தக் காலத்தில், இடைவேளையில் ஒருவர், கடைசிக் காட்சியில் ஒருவர் என்று ஆட்களை இறக்கிவிடும் ஆசையை அடக்குவது கஷ்டம். கைதட்டல் நிச்சயம் கிடைக்கும். ஆனால் கிராண்டேலிடம் இன்றுவரை யாரும் முழுதாகத் தொடாத பகுதி ஒன்று மிச்சமிருக்கிறது. கை போன ஓர் ஆய்வுக்கூட உதவியாள், தன்னைக் கண்டுகொள்ளாத உலகத்தின் கண்ணிலிருந்து மறையும் சக்தி கிடைத்ததும் முதலில் பழிதீர்க்கப் போகிறான். ஆலைவிபத்தில் கையை இழந்து நஷ்டஈட்டுக்கு அலைகிறவர்கள் சிவகாசியிலும் உண்டு, பிறை தொழிற்பேட்டையிலும் உண்டு. அங்கே தொடங்கினால் மாயாவிக்கு நிழல்படையே தேவைப்படாது. நிழல்படையில் தொடங்கினால் கிடைக்கப்போவது இன்னொரு போலீஸ் படம், இந்தத் தடவை கதாநாயகனின் சம்பளத்தில் பாதியை மிச்சம் பிடிக்கலாம், உடம்புதான் தெரியாதே.