கிரேக்க மெய்யியலில் அறிவும் பணிவும் நேர்மையும்

கிரேக்க மெய்யியல் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மிலேட்டஸ் நகரில் இயற்கை ஆராய்ச்சியாகத் தொடங்கியது. உலகம் எதனால் ஆனது என்பதே தேலீஸின் கேள்வி. மனிதன் எப்படி வாழ வேண்டும் என்ற கேள்வியை நடுவில் கொண்டுவந்து வைத்தவர் ஏதென்ஸின் சாக்ரடீஸ். அவர் நூல் எதுவும் எழுதவில்லை. அவரைப் பற்றி இன்று தெரிவதில் பெரும்பகுதி பிளேட்டோவும் செனபோனும் எழுதி வைத்தவை.

சாக்ரடீஸைவிட அறிவுடையவர் எவரும் இல்லை என்று டெல்ஃபி கோயிலின் அருள்வாக்கு சொன்னதாம். அவர் அதைச் சோதிக்கப் புறப்பட்டார். அரசியல்வாதிகளையும் கவிஞர்களையும் கைவினைஞர்களையும் தேடிப்போய்க் கேள்வி கேட்டார். கைவினைஞர்களுக்குத் தொழில் நன்றாகவே தெரிந்திருந்தது. அந்தத் துணிவில் தெரியாத காரியங்களிலும் தீர்ப்புச் சொன்னார்கள். தெரியாததைத் தெரியும் என்று எண்ணாத அளவில் மட்டுமே தாம் அவர்களைவிட மேல் என்று சாக்ரடீஸ் முடிவு செய்தார். கிரேக்க மரபில் பணிவின் வேர் இதுதான்: தன் அறிவின் எல்லையை ஒருவர் தாமே அளந்துகொள்வது.

நேர்மைக்கு அவர் வைத்த உரைகல் செயல். கி.மு. 406இல் ஆர்கினூசே கடற்போருக்குப் பின், தளபதிகளை ஒட்டுமொத்தமாக விசாரித்துத் தண்டிக்க மக்கள்சபை கூச்சலிட்டது. அது சட்டத்துக்குப் புறம்பானது என்று சாக்ரடீஸ் உடன்பட மறுத்தார். பின்னர் ஏதென்ஸை ஆண்ட முப்பதின்மர் கொடுங்கோலாட்சி, சலாமிஸ் தீவைச் சேர்ந்த லியோனைப் பிடித்துவர ஐவரை ஏவியது. நால்வர் சலாமிஸுக்குப் போனார்கள். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போனார். மக்களாட்சியின் ஆவேசமும் கொடுங்கோலர் மிரட்டலும் அவரை ஒன்றுபோலவே அசைக்கவில்லை. கி.மு. 399இல் மரண தண்டனை பெற்றபோது, நண்பர் கிரிட்டோ தப்பிக்க வழிசெய்தும் மறுத்து நஞ்சருந்தினார்.

பின்வந்த பள்ளிகள் இந்த ஒரு வாழ்க்கையை வெவ்வேறு விதமாகப் படித்தன. பிளேட்டோவின் அக்கடமி, ஆட்சி ஞானம் உடையோர் கையில் இருக்க வேண்டும் என்றது. அரிஸ்டாட்டில் இன்னும் நுட்பமாக அளந்தார். தற்பெருமை ஒரு குற்றமென்றால், உள்ள தகுதியைக் குறைத்துச் சொல்வதும் குற்றமே. வாய்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பணிவின் பெயரால் நடக்கும் பாசாங்குக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு அரிது. சினிக் மரபின் டயோஜெனீஸ் உடைமைகளைத் துறந்து வாழ்ந்து காட்டினார். எபிக்யூரஸின் பள்ளியான ‘தோட்டத்தில்’ பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடம் இருந்தது.

கி.மு. 300 அளவில் ஜீனோ தொடங்கிய ஸ்டோயிக் பள்ளி, நம் வசத்தில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிவதை ஞானத்தின் பயிற்சியாக்கியது. அடிமையாக இருந்த எபிக்டெடஸும் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸும் ஒரே பாடத்தைப் பயின்றது அதன் பெருமை. இதற்கிடையே ஆர்கெசிலாவுஸ் தலைமையில் அக்கடமியே ஐயவாதத்துக்குத் திரும்பி, உறுதியில்லாதவற்றில் தீர்ப்பை நிறுத்தி வைக்கக் கற்பித்தது. சாக்ரடீஸுக்கு மிக அருகில் நின்றது இந்தக் காலத்து அக்கடமிதான். பல நூற்றாண்டுகளுக்குப் பின், ஏதென்ஸில் மெய்யியல் கற்பிப்பதற்குக் கி.பி. 529இல் பேரரசர் ஜஸ்டினியன் தடை விதித்தார்.