முப்பத்தேழு வயதில் தேசிய அணி

2007 நவம்பரில் தஜிகிஸ்தானுடன் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டம். சிங்கப்பூர் 2-0 என வென்றது. இரண்டு கோல்களையும் போட்டவர் அன்றுதான் தேசிய அணிக்கு முதன்முறையாகக் களமிறங்கிய அலெக்சாண்டர் டூரிச். வயது 37. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் பயிற்றுவிப்பாளர் வேலைக்குப் போய்விடும் வயது அது.

பொஸ்னியாவின் டொபொய் நகரில் பிறந்தவர். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் பொஸ்னியாவுக்காகக் கெனு படகுப் போட்டியில் கலந்துகொண்டவர். போரில் தாயைப் பறிகொடுத்தார். ஹங்கேரி, ஆஸ்திரேலியா என்று அலைந்து, 1999இல் தஞ்சோங் பகார் யுனைடெட்டுக்கு ஆட இங்கே வந்தார். 2014இல் தெம்பனிஸ் ரோவர்சில் ஓய்வு பெற்றபோது சிங்கப்பூரில் அவர் போட்ட கோல்கள் முந்நூறைத் தாண்டியிருந்தன.

வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் குடிமக்களாக்கித் தேசிய அணியில் சேர்ப்பது சரியா என்ற பேச்சு வரும்போதெல்லாம் டூரிச்சைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அந்தச் சாட்சியம் செல்லாது என்பது என் கருத்து. 1993இல் தொடங்கிய வெளிநாட்டு விளையாட்டுத் திறனாளர் திட்டத்தின் வழியாக வந்தவர் அல்லர் அவர். எட்டு ஆண்டு இங்கேயே குடும்பத்தோடு வாழ்ந்து, குடியுரிமை மறுக்கப்பட்டும் மறுபடி விண்ணப்பித்துப் பெற்றவர். திட்டத்தின் வழியாக வந்த மிர்கோ கிராபோவாச் சில ஆண்டுகளில் குடியுரிமையைத் துறந்து குரோவேஷியாவுக்கே திரும்பிவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கோலுக்காகக் கொடுத்த கடப்பிதழ் கோலோடு முடிந்தது, அவ்வளவுதான்.

பலன் இல்லை என்றும் சொல்ல முடியாது. ராடி அவ்ரமோவிச் பயிற்சியில் 2004, 2007, 2012 என மூன்று முறை தென்கிழக்காசியக் கிண்ணம் வந்தது. குடியுரிமை பெற்று ஆடிய அகு காஸ்மிர், முஸ்தஃபிச், டேனியல் பென்னட் இல்லாமல் அந்த வெற்றிகளை நினைத்துப் பார்ப்பது கடினம். ஆனால் 1998இல் ஹனோயில் சசிகுமாரின் தோளில் பட்டு உள்ளே போன அந்த ஒற்றைக் கோலால் கிண்ணம் வென்ற அணியில் குடியுரிமை கொடுத்து எடுக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. மலேசியக் கிண்ணப் போட்டிகளின் சூட்டில் வார்க்கப்பட்ட தலைமுறை அது. 1994க்குப் பிறகு சிங்கப்பூர் அந்தப் போட்டியை விட்டு வெளியேறியது. ஆட்டக்காரர்கள் விளைந்த நிலம் கைவிட்டுப் போனபின், அதைச் சீர்படுத்தாமல் விளைச்சலை வெளியிலிருந்து வாங்கியதுதான் இந்த நடைமுறையின் பெரிய குறை.

லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலை அறிந்தவர்களுக்கு அந்த நிலம் எப்படிப்பட்டது என்பது எளிதில் புரியும். குதிரைப் பந்தயத் திடலாக இருந்த இடம், பல தலைமுறை ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சிக்களம் ஆனது. எழுபதுகளில் பனானா கிக்கால் கூட்டத்தைக் கட்டிப்போட்ட விங்கர் எஸ். ராஜகோபாலும், பின்னால் வந்த வி. சுந்தரமூர்த்தியும் பெயர் வாங்கிய காலத்தில், பையன்கள் அவர்களைப் பார்த்துத்தான் பந்தை வளைத்து உதைத்துப் பழகினார்கள்.

தேசிய சேவை இன்னொரு மனக்கசப்பு. உள்ளூர்ப் பையன் பதினெட்டு வயதில் இரண்டு ஆண்டு சீருடை அணிகிறான். வளர்ந்தபின் குடியுரிமை பெறும் ஆட்டக்காரருக்கு அந்தக் கடமை இல்லை. 2018இல் ஃபுல்ஹமில் ஒப்பந்தமான பென் டேவிசின் ஒத்திவைப்புக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டபோது இந்த ஏற்றத்தாழ்வு பலருக்கும் உறைத்தது. விதி அனைவருக்கும் பொது என்ற அரசின் வாதத்தை மதிக்கிறேன். ஆனாலும் 18 முதல் 20 வரையிலான வயது ஒரு முன்கள ஆட்டக்காரனுக்குத் திரும்பக் கிடைக்காது.

2025 அக்டோபரில் கோவாவில் இந்தியாவைச் சிங்கப்பூர் 2-1 என வீழ்த்தியபோது இரண்டு கோல்களும் சோங் உய் யங் போட்டவை. தென்கொரியாவில் பிறந்து, 2012இல் இங்கே வந்து, 2021இல் குடிமகனானவர். டூரிச்சின் பாதை அதுதான். அடுத்த மாதம் ஹாங்காங்கில் ஆசியக் கிண்ணத் தகுதியை உறுதிசெய்த கோல், முன்னாள் தேசிய ஆட்டக்காரர் ஃபாண்டி அகமதின் மகன் இல்ஹானுடையது. டூரிச் 2016இல் ஆக்டிவ்எஸ்ஜி காற்பந்துப் பயிலகத்தின் தலைவராகச் சிறுவர்களிடம் போனார். அவர் ஆடிய ஆண்டுகளில் இத்தகைய பயிலகங்களுக்கும் திடல்களுக்கும், வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத் தேடிய அதே அக்கறையோடு செலவிட்டிருந்தால், முன்களத்துக்கு 42 வயதுக்காரரை 2012 வரை நம்பியிருக்க வேண்டி வந்திருக்காது.