வீணை தனம்மாளின் வெள்ளிக்கிழமைக் கச்சேரிகள்

வீணை தனம்மாள் (1867–1938) வடசென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். இசைக்கலைஞர்களும் ரசிகர்களும் தேடிவந்து கேட்டனர். ஒலிபெருக்கி கிடையாது. விரலில் கம்பி வளையம் அணியாமல் நகத்தால் மீட்டியதால் நாதம் தணிந்தே எழும். ஒரு தும்மல் போதும், அதைக் கெடுக்க.

இதை ஒரு மேதையின் பிடிவாதம் என்று மட்டும் பார்ப்பது மேலோட்டமானது. அவர் பேணிய க்ஷேத்ரய்யா பதங்கள் மிக மெதுவாக நகர்பவை. ஒரு கமகத்தின் நுனி எங்கே தேய்ந்து மறைகிறது என்பதில்தான் அவற்றின் பாவம் இருக்கிறது. பெரிய அரங்கில் அந்த நுனி நான்கு வரிசையைத் தாண்டாது. சிறிய அறை அவருக்கு வசதிக்குறைவு அல்ல, வாத்தியத்தின் பகுதி.

1930களில் வெளியான அவருடைய இசைத்தட்டுகளில், இரைச்சலுக்கு அடியில், அந்த அறையின் சாயல் சிறிது கேட்கிறது. பேத்திகள் தி. பிருந்தாவும் தி. முக்தாவும் அதே நிதானத்தைக் குரலில் கொண்டுவந்தனர். பதம் கற்க அருணா சாய்ராம் போன்றவர்கள் பிருந்தாவிடம் சென்றார்கள்.

இன்று வீணையிலேயே ஒலிவாங்கியைப் பொருத்துகிறார்கள். கடைசி வரிசைக்கும் கேட்கிறது, மெட்டுகளில் விரல் உரசும் ஓசை உட்பட. தேயும் நுனிதான் கேட்பதில்லை.